பார்வையற்றோர் கல்வியும் கைத்தொழிலும்: பாரிஸ் பாடசாலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பயிற்றுதல் மனிதாபிமானச் செயலென்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அப்பயிற்சியின் நோக்கத்தைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இவ்வகையில் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பாடசாலையின் வரலாறு மனங்கொள்ளத்தக்கது.

1785இல் வலன்ரின் ஹவுய் நிறுவிய அப்பாடசாலையில் வாசிப்பு, இசை ஆகியவற்றோடு நூற்றல், பின்னல், அச்சுவேலை என்பனவும் கற்பிக்கப்பட்டன. 1791இல் பிரெஞ்சுப் புரட்சி அதனை அரசின் பொறுப்பாக்கிற்று. ஆயின் 1801இல் நெப்போலியனின் ஆட்சி அதனைப் பார்வையற்ற முதியோர் வாழ்ந்த விடுதியுடன் இணைத்தது. கல்வி பின்தள்ளப்பட்டது; பட்டறை உழைப்பே முதன்மை பெற்றது.

பாடசாலை மீண்டும் தனித்தியங்கிய காலத்தில், 1819இல், சேணத் தொழிலாளியின் மகனான லூயி பிரெயில் அங்கு சேர்ந்தார். ஹவுயின் புடைப்பெழுத்துக்கள் பார்வையுடையோரின் எழுத்துக்களையே பின்பற்றியவை. அவற்றைத் தடவி வாசிக்கலாம். கையால் எளிதில் எழுதவியலாது. 1829இல் பிரெயில் வெளியிட்ட புள்ளியெழுத்து இத்தடையைத் தகர்த்தது. அங்கு பயின்ற குளோட் மொன்ரால் பழைய பியானோவைக் கழற்றிப் பூட்டிச் சுருதிகூட்டும் தொழிலைத் தாமே கற்றார்; 1836இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். பின்னர் அத்தொழில் ஐரோப்பாவின் பார்வையற்றோர் பாடசாலைகள் பலவற்றில் பாடமாயிற்று.

எனினும் 1840களில் பாடசாலை நிருவாகம் பிரெயில் முறையைத் தடுத்தது. அவர் மறைந்து ஈராண்டுகளின் பின், 1854இலேயே அரச அங்கீகாரம் கிட்டியது.

பட்டறை பிள்ளைகளின் கைகளை மட்டுமே வேண்டிற்று. புள்ளியெழுத்தும் சுருதித் தொழிலும் அப்பிள்ளைகளின் தேவையிலிருந்தும் அறிவிலிருந்தும் பிறந்தவை. எனவே, தொழிற்பயிற்சியை அதில் விளைந்த பொருட்களின் விலைகொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. பயில்வோர் தம் தொழிலைத் தாமே ஆளும் வலிமையை அது வளர்த்ததா என்பதே உரைகல்லாகும்.