பூட்டில்லாத பக்கம்

2010 ஜூன் மாசம் கோவையில உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்துச்சு. அதையொட்டி, கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்ந்து ஒரு கட்டுரைப் போட்டி வெச்சாங்க. 2003-இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்துக்குப் புது ஆளுங்க வந்தாங்க.

புதுசா வர்றவங்க முதல்ல கத்துக்கிறது, கட்டுரை யாருக்கும் சொந்தமில்லைங்கிறது. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் திருத்தலாம். ஆனா ஒவ்வொருத்தருக்கும் ‘பயனர் பக்கம்’ உண்டு. தன்னைப் பத்திச் சொல்லிக்கிற இடம். அதுக்கும் பெரும்பாலும் பூட்டில்லை. இருந்தாலும் அடுத்தவர் பக்கத்துல கைவைக்கக் கூடாதுங்கிறது மரபு.

நம்மூர்த் திண்ணை மாதிரிதானுங்க. வழிப்போக்கர் உட்காரலாம், வீட்டுக்காரரைக் கேக்காம கட்டிலை நகர்த்த மாட்டார்.

யாராச்சும் விஷமமா கிறுக்கியிருந்தா அழிக்கலாம். வசவு, பதிப்புரிமை மீறல் இருந்தா நீக்கலாம். வெறும் எழுத்துப்பிழைன்னா, அவரோட ‘பேச்சுப் பக்கத்துல’ ஒரு வார்த்தை சொல்றதுதான் முறை. யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு ‘வரலாறு’ பகுதியில பதிவாயிடும்.

சம்பளமில்லாம எழுத வர்றவங்களுக்கு அங்க தன்னோடதுன்னு இருக்கிறது அந்த ஒரு பக்கம்தான். அதுலயும் கேக்காம கைவெச்சா, மனசு விட்டுப் போயிடுவாங்க. அவங்க எழுதவேண்டிய கட்டுரையும் அதோட போச்சுங்க.