மரபணுத் திருத்தம்: வளர்ப்பு விலங்கும் காட்டு விலங்கும்

மரபணுத் திருத்த ஆய்வில் வளர்ப்பு விலங்கையும் காட்டு விலங்கையும் பிரித்துக் காட்டுவது, இனப்பெருக்கம் யார் பிடியில் இருக்கிறது என்ற கேள்விதான். மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவிக்குப் பசுவின் உயிரணுவும் ஓநாயின் உயிரணுவும் ஒன்றே. ஆனால் திருத்திய உயிரணு குட்டியாக வேண்டுமானால் சினைப்பருவம், கருமாற்றம், ஈற்றுக்காலம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பசுவைப் பற்றி இந்த அறிவு தலைமுறைகளாகச் சேர்ந்திருக்கிறது. காட்டு விலங்குகள் பலவற்றைப் பற்றி அது இல்லை. அதனால் வாடகைத் தாயை வளர்ப்பினத்திலிருந்து எடுக்கிறார்கள். 2001 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவாவில் நகலாக்க முறையில் உருவான ‘நோவா’ என்ற காட்டுமாட்டுக் கன்றை ஈன்றது ஒரு பண்ணைப் பசு. கன்று இரண்டே நாளில் வயிற்றுப்போக்கால் இறந்தது. 2025இல் கொலோசல் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் ‘டயர் ஓநாய்’ என்று அறிவித்த குட்டிகளைச் சுமந்தவையும் நாய்களே. 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்த சாம்பல் ஓநாய்களை, அழிந்த இனம் மீண்டதாகக் கொண்டாடியது மிகை.

தவறு நேரும்போது இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். கொம்பு முளைக்காதபடி திருத்தப்பட்ட காளைகளின் மரபணுத்தொகுதியில், திருத்தத்துக்குப் பயன்படுத்திய பாக்டீரிய டி.என்.ஏ.வும் ஒட்டிக்கொண்டிருந்தது; அதில் நுண்ணுயிர்க்கொல்லியை எதிர்க்கும் மரபணுக்களும் இருந்தன. திருத்தம் செய்த ஆய்வுக்குழு காணத் தவறிய இதை 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் பிழையின் தடத்தைப் பின்தொடர முடிந்தது: கன்றுகள் பண்ணையில் இருந்தன, எது எந்தக் காளையின் வாரிசு என்பது ஏட்டில் இருந்தது. காட்டில் விட்ட விலங்குக்கு அப்படியொரு ஏடு கிடையாது.

வளர்ப்பு விலங்கும் தப்பி ஓடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மீன்தொட்டிக்காக மரபணு மாற்றி உருவாக்கிய ஒளிரும் வரிக்குதிரை மீன்கள் பிரேசிலின் அட்லாண்டிக் காட்டு ஓடைகளில் இனப்பெருக்கம் செய்வதாக 2022இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ‘வளர்ப்பு’ என்ற பெயரே காவலாகிவிடாது என்பதைத்தான் இது காட்டுகிறது. 2015இல் அமெரிக்காவில் உணவாக அனுமதி பெற்ற, வேகமாக வளரும்படி மரபணு மாற்றப்பட்ட சால்மனை மலட்டுப் பெண்மீன்களாக, நிலத்தொட்டிகளில் மட்டுமே வளர்க்கச் சொன்னதன் காரணமும் அதுவே.

காட்டு உயிரிகளை விட்டுவிடலாம் என்பதும் எளிய பதில் அல்ல. கொசு பரப்பும் மலேரியாவால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இறக்கிறார்கள். 2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, கொசுவின் ‘டபுள்செக்ஸ்’ மரபணுவைக் குறிவைத்த, ஒரு மாற்றத்தைச் சந்ததிகளில் வேகமாகப் பரப்பும் மரபணு உந்தியால் கூண்டுக் கொசுக்களை 7 முதல் 11 தலைமுறைக்குள் அடியோடு ஒழித்தது. வெளியில் விட்டால் இந்த உந்தி ஓரிடத்தில் நிற்காது, நாட்டு எல்லையையும் மதிக்காது. எனவே பசுவுக்கு ஒரு பண்ணையாளரும் அவருடைய நாடும் சம்மதித்தால் போதும். கொசுவுக்கு அண்டை நாடுகளின் சம்மதமும் வேண்டும்.