பதினைந்து சென்ட்டுக்கு ஒரு நட்சத்திரம்

1932இல் எம்.ஜி.எம். வெளியிட்ட 'லெட்டி லிண்டன்' படத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அதில் ஜோன் கிராஃபோர்ட் போட்டிருந்த வெள்ளைக் கவுனின் புகைப்படம் ஃபேஷன் வரலாற்றுப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. படம் காணாமல் போச்சு, கவுன் தங்கிடுச்சு. இது எப்படி நடந்தது?

முதலில் கவுன். வடிவமைத்தவர் ஏட்ரியன், எம்.ஜி.எம்மின் முதன்மை உடை வடிவமைப்பாளர். கிராஃபோர்டுக்கு இயல்பிலேயே அகன்ற தோள். வேறு யாராவது என்றால் அதை மறைக்கத்தான் பார்த்திருப்பார்கள். ஏட்ரியன் அதை இன்னும் அகலமாக்கினார். மெல்லிய, விறைப்பான வெள்ளைத் துணியில், தோளைச் சுற்றி அடுக்கடுக்காக ஃப்ரில். தோள் பெரிதாகப் பெரிதாக இடுப்பு தானாகச் சிறுத்துத் தெரியும். இன்னொரு கணக்கும் உண்டு. கேமரா முகத்துக்கு நெருங்கும்போது பாவாடையில் செய்த வேலை எதுவும் திரையில் வராது. அலங்காரத்தை எல்லாம் மேலே ஏற்றிவிட்டால் நெருக்கக் காட்சியிலும் கவுன் நடிக்கும்.

நியூயார்க்கின் மேசிஸ் கடை இதன் நகலை விற்றது. ஐந்து லட்சம் கவுன் போனது என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன, சில ஐம்பதாயிரம் என்கின்றன. ஒரு சைபர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்பதுபோல! பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த வருடம் அது. ஐந்து லட்சம் பெண்கள் ஒரே கடையில் பார்ட்டி கவுன் வாங்கினார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

அவங்க தைச்சுக்கிட்டாங்க.

அதற்கு ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. 1863இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர், அளவு வாரியாக வெட்டிய காகிதப் பேட்டர்ன்களை விற்க ஆரம்பித்தார். துணிமேல் காகிதத்தை வைத்து, ஊசி குத்தி, ஓரமாகவே வெட்டினால் போதும். 1870இல் மெக்கால் வந்தது. 1932இல், 'வோக்' பத்திரிகையின் முதலாளி கோண்டே நாஸ்ட், 'ஹாலிவுட் பேட்டர்ன்' என்ற மலிவு வரிசையைத் தொடங்கினார். விலை 15 சென்ட். வோக் பேட்டர்ன் வாங்க வசதியில்லாத பெண்களுக்கு, மலிவுக் கடைகளில் கிடைக்கும்படி.

அந்த உறையைப் பார்த்தால் தந்திரம் புரியும். நடுவே கவுனை வரைந்திருப்பார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரத்தின் புகைப்படம், கீழே பெயரும் ஸ்டூடியோவும். ஆனால் பெரும்பாலும் அந்தப் புகைப்படத்தில் இருக்கும் உடைக்கும் உள்ளே இருக்கும் பேட்டர்னுக்கும் சம்பந்தமே இருக்காது. முகம் விற்பனைக்கு, கவுன் தைப்பதற்கு, அவ்வளவுதான். பட்டரிக் கொஞ்சம் நேர்மையாகச் செய்தது. 1933இல் அது வெளியிட்ட நட்சத்திரப் பேட்டர்ன்கள், கேத்தரின் ஹெப்பர்ன் போன்றவர்கள் உண்மையிலேயே படத்தில் அணிந்த உடைகளைப் பார்த்து வரையப்பட்டவை.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லலாம். வாங்கியவர்களை ஏமாளிகள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சருகு போன்ற மெல்லிய தாள். அந்தக் காலத்துப் பேட்டர்ன்கள் பலவற்றில் ஒரு கோடுகூட அச்சாகியிருக்காது. வெறும் துளைகளும், ஓரத்தில் சின்ன வெட்டுகளும்தான். எந்தத் துளை டார்ட்டுக்கு, எது துணியின் நேர் இழைக்கு, எந்த வெட்டும் எந்த வெட்டும் சேர வேண்டும் என்று படிக்கத் தெரிய வேண்டும். ஒரு உறையில் ஒரே அளவுதான், அதுவும் மார்பளவை வைத்து. இடுப்பு பொருந்தவில்லை என்றால் தாளை நறுக்கி, நடுவே வேறு காகிதம் ஒட்டி, நீங்களேதான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பஃப் கையும் இப்படித்தான். சாதாரணக் கையின் தாளை நீளவாக்கில் வெட்டி, விசிறிபோல விரித்து, கூடுதல் துணியைத் தோளில் சுருக்கிப் பிடித்தால் கை உப்பிவிடும். இதற்கு முழுக் கவுன் தேவையில்லை, பழைய கவுனின் கையை மட்டும் பிரித்து மாற்றலாம். 'லெட்டி லிண்டன்' பரவியது கவுனாக அல்ல, கையாகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, படம் என்ன ஆனது? எட்வர்ட் ஷெல்டனும் மார்கரெட் ஏயர் பார்ன்ஸும் எழுதிய 'டிஸ்ஹானர்ட் லேடி' நாடகத்தை எம்.ஜி.எம். வாங்கப் பார்த்தது. முடியவில்லை. 1857இல் கிளாஸ்கோவில் காதலனுக்கு விஷம் வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட மேட்லின் ஸ்மித்தின் வழக்குதான் நாடகத்துக்கு மூலம். அதே வழக்கை வைத்து மேரி பெல்லாக் லௌண்ட்ஸ் எழுதிய நாவலை வாங்கிப் படமெடுத்தார்கள். நாடக ஆசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். பழைய வழக்கு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் நாடகத்தின் காட்சிகளை எடுத்தது திருட்டு என்று 1936இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் தீர்ப்பளித்தார். லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு என்று 1940இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மீதி, நடிகர்களின் ஈர்ப்புக்கும் தயாரிப்புத் திறமைக்கும் சேர வேண்டியதாம். படம் பல பத்தாண்டுகள் பொதுத் திரையிடலுக்கே வரவில்லை.

கதைக்குக் காப்புரிமை இருந்தது, பூட்டிவிட்டார்கள். கவுனின் வெட்டுக்கு அமெரிக்கச் சட்டத்தில் காப்புரிமை கிடையாது. மேசிஸ் எடுத்துக்கொண்டது, பேட்டர்ன் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன, பதினைந்து சென்ட் வைத்திருந்த பெண்ணும் எடுத்துக்கொண்டாள். ஏட்ரியனுக்கு இதில் ஒரு சென்ட்கூட உரிமைத்தொகை கேட்க வழியில்லை. 1941இல் ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, சொந்தப் பெயரில் உடை நிறுவனம் தொடங்கினார்.

ஹாலிவுட் பேட்டர்ன் 1940களோடு நின்றுபோனது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பழைய பேட்டர்ன்களுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. சேகரிப்பாளர்களிடம் ஒருமுறைகூடப் பிரிக்காத, கம்பெனி மடிப்பு கலையாத உறைகளுக்குத்தான் மவுசு. பயன்படுத்தியது என்றால் விலை குறைவு. ஊசித் துளையும், பென்சில் குறிப்பும், இடுப்புக்கு ஒட்டிய பழைய செய்தித்தாளும் இருக்கும் உறைகள் அந்தக் குறைந்த விலையில்தான் கிடைக்கின்றன.