ஊர்ச்சுவையைச் சமைத்த கைகள்: பம்பாய்ப் பஞ்சாலைகளும் காணாவள்களும்

பிறந்த ஊரை விட்டு வேலை தேடி வந்தவர்களின் துயரங்களில் உணவு பற்றிய குறை மிகச் சிறியதாகவே எண்ணப்படுகிறது. கூலிக்கும் வாடகைக்கும் நோய்க்கும் ஆவணங்கள் கிடைக்கின்றன. பருப்பு நீர்த்துப்போனது, மாவு ஊர் மாவைப் போல இல்லை, குழம்பில் காரம் போதவில்லை என்னும் அன்றாட எரிச்சல்கள் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. ஆயினும் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரின் வரலாற்றில் இந்தச் சிறு குறைகளுக்கு விடையாக ஓர் அமைப்பே வளர்ந்தது. இளமையில் உண்டதை மீண்டும் உண்ண வேண்டும் என்ற ஏக்கத்தை அது நாள்தோறும் இரு வேளை தணித்தது. அதன் சுமை பெண்களின் தோளில் இருந்தது.

1854இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் பம்பாயின் முதல் பஞ்சாலை நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் பரேல், லால்பாக், பைகுலா, வர்லி பகுதிகள் கிரண்காவ், அதாவது ‘ஆலைகளின் ஊர்’ என்று பெயர் பெற்றன. தொழிலாளரில் பெரும்பகுதியினர் கொங்கணத்து ரத்னகிரியிலிருந்தும், மலைத்தொடருக்கு அப்பாலுள்ள சாதாரா முதலிய மாவட்டங்களிலிருந்தும் வந்த ஆண்கள். நிலத்தையும் முதியோரையும் பார்த்துக்கொள்ள மனைவியர் ஊரில் தங்கினர். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரின் ஆண்களில் ஏறத்தாழப் பாதியளவே பெண்கள் இருந்தனர். ‘சால்’ எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் ஒரே அறையைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஒரு முறைக்காரர் வேலைக்குப் போனதும் மறுமுறைக்காரர் அதே இடத்தில் பாய் விரித்தார். அத்தகைய அறையில் அடுப்பு மூட்ட இடமும் இல்லை, பொழுதும் இல்லை.

இங்குதான் காணாவள் பிறந்தது. தமிழ்நாட்டு மாணவர் அறிந்த ‘மெஸ்’ அதற்கு நெருங்கியது. ஆனால் பெரும்பாலும் அது கடையன்று, ஒரு குடும்பத்தின் ஒற்றை அறை. ஆலைத் தொழிலாளியின் மனைவியோ கைம்பெண்ணோ தன் வீட்டு அடுப்பிலேயே பத்து, இருபது பேருக்குச் சமைத்தாள். விடியலுக்கு முன் எழுந்து காலை முறைக்காரருக்கு, பின்னர் அடுத்த முறைக்காரருக்கு என ஆலைச் சங்கொலியை ஒட்டியே அவளது அடுப்பும் எரிந்தது. உண்பவர் சம்பள நாளன்று மொத்தமாகப் பணம் கொடுத்தனர். அதுவரை அரிசிக்கும் விறகுக்கும் அவளே கடன் வாங்க வேண்டும். ஆகவே அவள் சமையல்காரி மட்டுமல்லள். முன்பணம் இட்டவளும் அவளே.

காணாவள்கள் ஊர்வாரியாகப் பிரிந்திருந்ததற்குச் சுவை ஒரு காரணம். கொங்கணத்தாருக்குச் சோறும் அரிசிமாவுப் பாக்ரியும் கருவாட்டுக் குழம்பும் கோகம் புளியும் வேண்டும். மலைக்கு அப்பாலிருந்து வந்தவருக்குச் சோள, கம்புப் பாக்ரியும் மிளகாய்த் துவையலும் இல்லாமல் வயிறு நிறையாது. அந்த வட்டாரத்தில் பிறந்த பெண்ணின் கையே அந்தப் பதத்தை அறியும். பக்கத்து ஊர்க்காரர் பந்தியில் அமர்ந்தால் ஊர்ச் செய்தியும் வேலைக்கான பரிந்துரையும் உணவோடு வந்தன. பஞ்சாலைத் தொழிலாளரை ஆராய்ந்த ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் முதலிய வரலாற்றாசிரியர்கள், இத்தகைய அக்கம்பக்க உறவுகளே தொழிற்சங்க ஒற்றுமைக்கும் அடித்தளமாயின என்று காட்டியுள்ளனர்.

எனினும் ‘ஊர்ச்சுவை’ என்ற இனிய சொல் ஊரின் வேலிகளையும் சுமந்தே வந்தது. யாரோடு யார் அமர்ந்து உண்பது என்பதைச் சாதியும் முடிவு செய்தது. ஆலைக்குள்ளும் வாயைப் பற்றிய அச்சமே ஆட்சி செய்தது. நெசவுப் பிரிவில் நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. எச்சில் படும் என்ற காரணம் சொல்லி, கூலி அதிகம் கிடைத்த அந்தப் பிரிவிலிருந்து தலித் தொழிலாளர் விலக்கப்பட்டனர். 1928இன் பெரும் வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இந்த விலக்கை வெளிப்படையாகக் கேள்விக்குள்ளாக்கினார். உணவு நினைவைப் பாசத்தின் மொழியில் மட்டும் எழுதும் வரலாறு இந்தப் பக்கத்தைத் தவறவிட்டுவிடும்.

காணாவள் பெண்கள் பொதுவெளியில் தொழிலாளராக அடையாளம் பெற நெடுங்காலம் ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில் நடந்த ஆலை வேலைநிறுத்தத்தின்போது, கூலியற்ற ஆண்களுக்கு இவர்கள் கடனாகவே உணவளித்தனர். அதற்காகப் பாத்திரங்களையும் நகைகளையும் அடகு வைத்து, வட்டிக்கடைக்காரரிடம் சிக்கினர். போராட்டம் சோற்றால் தாங்கப்பட்டது. ஆனால் சோறிட்டவர்களுக்குச் சங்கம் இல்லை. இதைக் கண்ட தொழிற்சங்கச் செயற்பாட்டாளர் பிரேமா புரவ் 1975இல் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். 1969இல் நாட்டுடைமையான வங்கிகளிலிருந்து அவர்கள் பெயரிலேயே சிறுகடன்கள் பெறப்பட்டன. வீட்டுவேலை என்று ஒதுக்கப்பட்டது, வங்கிக் கணக்கில் தொழில் என்று பதிவாயிற்று.

1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் பங்கேற்றனர். மாதங்கள் செல்லச் செல்லப் பலர் ஊர் திரும்பினர். உண்ண வருவோர் குறைய, பல அடுப்புகள் அணைந்தன. திரும்பி வராத பாக்கிகள் பெண்களின் கணக்கில் தங்கின. பின்னர் ஆலை நிலங்களில் வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. நீரா அதார்கரும் மீனா மேனனும் தொகுத்த கிரண்காவ் வாய்மொழி வரலாறு போன்ற முயற்சிகள் இல்லையேல் அவ்வட்டாரத்தின் குரல்களில் பல மறைந்திருக்கும்.

ஆண் தொழிலாளியின் நினைவில் காணாவள் உணவு தாயின் கைமணமாகப் பதிந்தது. ஆனால் அதைச் சமைத்தவளும் ஓர் ஊரை விட்டு வந்தவள்தான். அவளுக்கும் ஓர் இளமையும் ஒரு தாயின் அடுப்பும் இருந்தன. அவள் எதற்காக ஏங்கினாள், யார் அவளுக்குப் பரிமாறினார்கள் என்னும் கேள்விகளை உணவு வரலாறு இன்னும் போதிய அளவு எழுப்பவில்லை. புலம்பெயர்ந்தோரின் உணவு ஏக்கத்தை ஆராயப் புகும் மாணவர், உண்டவரின் நினைவுக்குறிப்போடு சமைத்தவளின் கடன்கணக்கையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.