டபிள்யூ.டபிள்யூ.வி.பி: நேர அலையின் மாற்றமும் பழைய ஏற்பிகளும்

டபிள்யூ.டபிள்யூ.வி.பி என்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகருக்கு அருகே இயங்கும் நேர நிலையம். அந்நாட்டு அரசின் அளவியல் நிறுவனமான நிஸ்ட், 1963 ஜூலையிலிருந்து அங்கே இதை நடத்திவருகிறது. பேச்சோ பாட்டோ கிடையாது. 60 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்று மட்டும் இரவும் பகலும் ஓயாமல் புறப்படுகிறது.

தொடக்கத்தில் அந்த அலையே செய்தி. ஆய்வகங்கள் தங்கள் கருவிகளின் அதிர்வெண்ணை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டன. நேரக் குறியீடு 1965 ஜூலையில்தான் சேர்ந்தது. ஒவ்வொரு நொடி பிறக்கும்போதும் அலையின் திறன் தாழும். 0.2 நொடி தாழ்ந்திருந்தால் 0, 0.5 நொடி என்றால் 1, 0.8 நொடி என்றால் எல்லைக்குறி. ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்கும் கடிகாரத்துக்கு மணி, நிமிடம், நாள் எல்லாம் கிடைத்துவிடும். 1999இல் திறன் 50 கிலோவாட்டாக உயர்ந்தபின், தானே திருத்திக்கொள்ளும் சுவர்க் கடிகாரங்கள் வீடுகளில் பரவின.

கிழக்குக் கரையில் மட்டும் தொல்லை தீரவில்லை. தொலைவு ஒரு காரணம். அதே 60 கிலோஹெர்ட்ஸில் பிரிட்டனின் எம்.எஸ்.எஃப் நிலையமும் நேரம் அனுப்புவது இன்னொன்று. இரைச்சலுக்கிடையே உரத்ததையும் தாழ்ந்ததையும் பிரித்தறிவதைவிட நேர் அலையையும் தலைகீழ் அலையையும் பிரித்தறிவது எளிது. ஆகவே 2012 அக்டோபர் 29 முதல், பழைய குறியீட்டைத் தொடாமல், அதன்மேல் 180 பாகைக் கட்ட மாற்றமாக இரண்டாவது குறியீடு ஒன்று ஏற்றப்பட்டது.

சுவர்க் கடிகாரங்கள் இதை உணரவே இல்லை. அவை அளப்பது திறனை மட்டும். ஆனால் அலையின் கட்டத்தையே பின்தொடர்ந்து பூட்டிக்கொள்ளும் அதிர்வெண் ஏற்பிகளுக்கு அது பேரிடி. நிலையத்தை அடையாளம் காட்ட மணிக்கு ஒருமுறை, 10ஆம் நிமிடம் முதல் 15ஆம் நிமிடம் வரை, கட்டம் 45 பாகை நகர்வது அவற்றுக்குப் பழகிப்போனதுதான். நொடிக்கு நொடி அலை தலைகீழாகப் புரளும் என்று எவரும் நினைத்து அவற்றை வடிவமைக்கவில்லை. பூட்டு நிற்காமல் போயிற்று. நிஸ்ட் முன்னதாகவே அறிவித்திருந்தது. சில மாதங்கள் நாளுக்கு இருமுறை, அரைமணி நேரம் புதிய குறியீட்டை நிறுத்தியும் வைத்தது. பல்லாண்டு உழைத்த துல்லியக் கருவிகளுக்கு அந்த அரைமணி எப்படிப் போதும்?

வேறு வழி இருந்ததா என்றால், ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே 77.5 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டி.சி.எஃப்.77 நிலையமும் 1983இல் கட்ட மாற்றத்தைச் சேர்த்தது. அது சிறு கோண அசைவு. முன்னும் பின்னுமாக நகர்ந்து சராசரியில் சுழியாகிவிடும். பின்தொடரும் ஏற்பிகள் அங்கே பிழைத்தன. அமெரிக்கா மெலிந்த அலையிலும் எட்டும் வலுவான குறியீட்டைத் தேர்ந்தது. விலையைச் சிறுபான்மையான பழைய ஏற்பிகள் கொடுத்தன.

அவற்றைக் கைவிட மனமில்லாத வானொலி ஆர்வலர்கள் இணைப்புச் சுற்றுகள் கட்டினர். அவற்றில் ஒரு முறை, அலையை அதனாலேயே பெருக்குவது. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல்தானே? தலைகீழ்ப் புரட்டல் மறைந்து 120 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும்; அதை இரண்டால் வகுத்துப் பழைய ஏற்பிக்கு ஊட்டினால் அது மீண்டும் பூட்டிக்கொள்ளும்.