பாளையம் முதல் பட்டாலியன் வரை: படையின் அமைப்பும் நம் மக்களும்

ஒரு நாட்டின் அரணாக விளங்குவது அதன் படை. திருவள்ளுவர் படைமாட்சி என்றும் படைச்செருக்கு என்றும் இரண்டு அதிகாரங்களைப் படைக்கெனவே ஒதுக்கினார். ஆயினும் இன்றைய தேசியப் படை எவ்வாறு பகுக்கப்பட்டு, எவ்வாறு ஆளப்படுகிறது என்பதை நம் இளைஞர்களுட் பலர் அறிந்திலர். பட்டாளம் என்றால் துப்பாக்கி, சீருடை, மாதச் சம்பளம் என்ற அளவிலேயே நம் எண்ணம் நின்றுவிடுகிறது. படையின் அமைப்பை அறிவது பொது அறிவுக்கு மட்டும் உரியதன்று. அந்த அமைப்பின் எந்தக் கதவு நம் மக்களுக்கு எப்போது திறந்தது, எப்போது அடைக்கப்பட்டது என்பது நம் சமுதாய வரலாற்றின் ஒரு பெரும் பகுதியாகும். ஆதலின் இவ்வெள்ளிவிழா மலரில் அதனைச் சுருக்கமாக ஆராய்வோம்.

பாளையமும் படையும்

நம் கன்னிவாடி பழனிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். திண்டுக்கல் சீமையின் பாளையங்களுள் இதுவும் ஒன்று. 'பாளையம்' என்னும் சொல்லுக்கே படை தங்கும் இடம் என்பது பொருள். பாளையக்காரர் தம் வீரர்க்குச் சம்பளத்துக்கு ஈடாக நிலத்தை மானியமாக விட்டனர். அழைப்பு வந்தபோது வேலும் வாளும் வெடிமருந்துத் துப்பாக்கியும் ஏந்தி வீரர் திரண்டனர். போர் முடிந்தவுடன் உழவுக்கும் காவலுக்கும் திரும்பினர். வீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் நிரந்தரப் பிரிவும், ஒரே வகை ஆயுதமும், ஒழுங்கான பயிற்சியும் இல்லை. தலைவர் வீழ்ந்தால் படையும் கலைந்தது.

1755இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்தார். பயிற்சி பெற்ற படையும் பீரங்கியும் கொண்டு இச்சீமைப் பாளையங்களை அவர் பணியவைத்தார். 1790இல் ஆங்கிலேயர் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தனர். 1792 உடன்படிக்கையால் இச்சீமை அவர்கள் வசமாயிற்று. அயலூரான விருப்பாட்சியின் கோபால நாயக்கர் அவர்களை எதிர்த்துப் போரிட்டு 1801இல் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தியாகம் என்றும் போற்றத்தக்கது. ஆயினும் அப்போரின் முடிவு ஒரு பாடத்தையும் புகட்டிற்று. தனி வீரத்தை அமைப்பின் வலிமை வென்றது.

சென்னைப் படையின் பிறப்பு

அவ்வமைப்பு நம் தமிழ் மண்ணிலேயே வளர்ந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1748இல் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், சிதறிக் கிடந்த காவல் சேவகரை ஒழுங்குபடுத்தினார். பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்ட 1758ஆம் ஆண்டில், தனித்தனிக் கம்பெனிகளாக இருந்த சிப்பாய்கள் பட்டாலியன்களாகத் திரட்டப்பட்டனர். இன்றைய மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகிறது. 1780இல் பயனியர் என்னும் கம்பெனிகள் இரண்டு அமைக்கப்பட்டன. பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், கோட்டை மதிலைத் தகர்த்தல் ஆகியவை அவற்றின் பணிகள். அவையே பிற்காலத்தில் மதராஸ் சாப்பர்ஸ் எனப் பெயர் பெற்றன.

படையின் படிகள்

இன்றைய இந்தியத் தரைப்படையின் அமைப்பை ஓர் ஏணிக்கு ஒப்பிடலாம். அடிப்படி செக்ஷன். ஏறத்தாழப் பத்து வீரர், தலைவர் ஹவில்தார். மூன்று செக்ஷன்கள் சேர்ந்தது ஒரு பிளாட்டூன். இதனைச் சுபேதார் அல்லது நாயப் சுபேதார் நடத்துவார். மூன்று பிளாட்டூன்கள் கொண்டது கம்பெனி, வீரர் ஏறத்தாழ 120 பேர், தலைவர் மேஜர். நான்கு துப்பாக்கிக் கம்பெனிகளும், துணைக் கம்பெனியும், தலைமையகக் கம்பெனியும் கூடியது பட்டாலியன். ஏறத்தாழ 800 பேர் கொண்ட இதற்குக் கர்னல் தலைவர். வீரனுக்குக் குடும்பம் போன்றது இதுவே. அவனுடைய உணவு, ஊதியம், விடுப்பு, பயிற்சி, மானம் எல்லாம் பட்டாலியனோடு பிணைந்தவை.

இதற்கு மேல் உள்ளவை போர் நடத்துவதற்கான கூட்டமைப்புகள். மூன்று பட்டாலியன்கள் கொண்டது பிரிகேட், தலைவர் பிரிகேடியர். சில பிரிகேடுகளோடு பீரங்கி, பொறியாளர், சமிக்ஞைப் பிரிவுகள் சேர்ந்தது டிவிஷன். தலைவர் மேஜர் ஜெனரல். சில டிவிஷன்கள் சேர்ந்தது கோர். தலைவர் லெப்டினன்ட் ஜெனரல். கோர்களுக்கு மேல் கமாண்டுகள். உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், புனே, லக்னோ, கொல்கத்தா ஆகிய இடங்களில் ஆறு போர்க் கமாண்டுகளும், சிம்லாவில் பயிற்சிக் கமாண்டும் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேல் தரைப்படைத் தலைமைத் தளபதி. முப்படைகளையும் இணைத்து நோக்க 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் முப்படைத் தலைமைத் தளபதி என்னும் பதவியும் ஏற்படுத்தப்பட்டது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'கோர்' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. டிவிஷன்கள் பல சேர்ந்த பெரும்படை ஒரு பொருள். ஒரே தொழிலைச் செய்வோரின் தொகுதி மற்றொரு பொருள். பொறியாளர் கோர், சமிக்ஞைக் கோர், மருத்துவக் கோர், உணவும் போக்குவரத்தும் பார்க்கும் சேவைக் கோர், எந்திரங்களைப் பழுதுபார்க்கும் கோர் என்பன இவ்வகை. அவ்வாறே காலாட்படையில் ரெஜிமெண்ட் என்பது போர்க்களத்தில் ஒன்றாக நிற்கும் படையன்று. ஒரே பெயரும் ஒரே பயிற்சி மையமும் மரபும் உடைய பல பட்டாலியன்களின் குலம் எனலாம். மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன் ஒன்று காசுமீரத்திலும் மற்றொன்று வடகிழக்கிலும் இருக்கக்கூடும். அவற்றின் தாயகமோ நீலகிரியின் வெலிங்டன்.

திறந்த கதவும் அடைத்த கதவும்

கும்பினியார் காலத்துச் சென்னைப் படையில் பல சாதியினரும் ஒரே கம்பெனியில் நின்றனர். பறையர் எனப்பட்ட நம் மக்கள் அதில் பெருமளவில் சேர்ந்தனர். சிறப்பாகப் பயனியர், சாப்பர் பிரிவுகளில் அவர்கள் கை ஓங்கி நின்றது. ஊரில் குளத்து நீரைத் தொடக் கூடாதென விலக்கப்பட்டவன், பாலம் கட்டிப் படையையே ஆற்றுக்கு அப்பால் நடத்தினான். சீனம், பர்மா, அபிசீனியா எனக் கடல் கடந்து அவன் உழைத்தான். சாதிக் கட்டுப்பாடு கடற்பயணத்தைத் தடுக்காத மக்களாக நாம் இருந்தது அன்று நமக்கு ஒரு தகுதியாயிற்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர் வீரர்களை 'தம்பி' என அன்போடு அழைக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று திசைமாறிற்று. சில குலத்தாரே போர்க்குணம் உடையோர், ஏனையோர் அல்லர் என்னும் கொள்கையை ஆங்கிலத் தளபதிகள் வளர்த்தனர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவும், பின் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு அவர்களுள் முதன்மையானவர். தென்னாட்டார் போருக்குத் தகார் என முத்திரை குத்தப்பட்டது. சென்னைப் பட்டாலியன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. மராட்டியத்தில் மகர் மக்களைச் சேர்ப்பதும் 1890களில் நிறுத்தப்பட்டது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது. 1917இல் அமைக்கப்பட்ட மகர் படை 1921இல் கலைக்கப்பட்டது. 1928க்குள் சென்னைக் காலாட்படை முற்றும் கலைந்தது. 1933இல் பயனியர்களும் கலைக்கப்பட்டனர். சாப்பர் பிரிவு மட்டுமே எஞ்சி நின்றது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1941இல் மகர் ரெஜிமெண்டும், அடுத்து மதராஸ் ரெஜிமெண்டும், 1943இல் சமார் ரெஜிமெண்டும் எழுந்தன. சமார் ரெஜிமெண்ட் 1946இல் கலைக்கப்பட்டது.

தேவைப்படும்போது வீரன், தேவை தீர்ந்தபின் தகுதியற்றவன்! இதுவே அன்று நமக்கு வழங்கப்பட்ட நீதி. குறை நம் குருதியில் இருந்ததா, ஆள்சேர்க்கை விதியில் இருந்ததா என்பதை இவ்வாண்டுகளே சொல்லும்.

1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில், மதராஸ் சாப்பர் பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் என்னும் தமிழர், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. போர்க்குணம் அற்றோர் எனத் தென்னாட்டாரைப் பழித்த கொள்கைக்கு இதனினும் மேலான மறுமொழி வேண்டுவதில்லை.

பட்டாளமும் பள்ளிக்கூடமும்

பட்டாளம் நம்மவர்க்குத் தந்த பெருஞ்செல்வம் சம்பளமன்று, கல்வியே. கும்பினிப் படையில் சிப்பாய்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடந்தன. ஊர்ப் பள்ளியின் திண்ணையிலும் இடமில்லாத காலத்தில், பட்டாளப் பள்ளி எழுத்தறிவித்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார்; படைப் பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கியவர். அண்ணல் 1891இல் பிறந்த மௌ நகரும் ஒரு படைநகரமே. படைக் கதவு அடைக்கப்பட்டபோது பிழைப்பு மட்டுமன்று, படிப்பின் வழியும் அடைபட்டது. அதனாலேயே அண்ணல் மகர் மக்களின் படைச் சேர்க்கைக்காக வாதாடினார்.

இளைஞர்க்கு ஒரு சொல்

விடுதலைக்குப் பின் 1949இல், படையில் சேர எல்லா வகுப்பினர்க்கும் வழி திறக்கப்படும், சாதியின் பெயரால் புதிய ரெஜிமெண்டுகள் அமைக்கப்படமாட்டா என்னும் கொள்கை வகுக்கப்பட்டது. பழைய ரெஜிமெண்டுகள் சிலவற்றில் வகுப்புவாரிச் சேர்க்கை இன்றும் நீடிப்பது உண்மையே. ஆயினும் சாப்பர், சமிக்ஞை, மருத்துவம் முதலிய தொழிற் கோர்கள் பலவும் எல்லார்க்கும் உரியவை.

மேலே கூறிய ஏணியை நம் இளைஞர் மீண்டும் ஒருமுறை நோக்குக. செக்ஷனில் சேர்வதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2022 முதல் நடைமுறையில் உள்ள அக்னிபாத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டே. நால்வருள் ஒருவர்வரையே நிலைத்திருக்க இயலும் என்பதை அறிந்து சேர வேண்டும். கம்பெனியையும் பட்டாலியனையும் நடத்த விரும்புவோர்க்கு வழி வேறு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத் தேர்வு உண்டு. 2022 முதல் அங்கே பெண்களும் பயில்கின்றனர். பட்டதாரிகளுக்கு டேராடூனும் சென்னைப் பயிற்சிக் கல்விக்கழகமும் உள்ளன. நம் மலைத்தொடரின் மறுபக்கத்திலேயே, அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடைபெறுகிறது. அதன் ஆறாம் வகுப்புச் சேர்க்கையில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு உண்டு. படையின் ஆள்சேர்ப்பில் நமக்கு அத்தகைய ஒதுக்கீடு இல்லை. ஆதலின் ஆறாம் வகுப்பிலேயே ஆயத்தம் தொடங்குதல் வேண்டும். கணக்கிலும் ஆங்கிலத்திலும் நம் பிள்ளைகள் தளர்வதைப் பல்லாண்டு வகுப்பறையில் கண்ட பட்டறிவால் இதனை வற்புறுத்துகிறோம்.

நம் முன்னோர் பிறர் வகுத்த அணியில், பிறர் இட்ட கட்டளைப்படி மண்வெட்டி ஏந்தி நின்றனர். அதிலும் பெருமை ஈட்டினர். இனிவரும் நம் மக்கள் அணியை வகுப்போராகவும் கட்டளை இடுவோராகவும் உயர வேண்டும். அதற்குரிய பயிற்சிக்களம் மாலைதோறும் விளக்கேற்றி நாம் நடத்தும் இரவுப் பாடசாலையே. கழகத்தின் அடுத்த விழா மலரில், கன்னிவாடிப் பக்கத்து இளைஞர் ஒருவர், அல்லது ஒரு நங்கை, படை அதிகாரியாக இருந்து கட்டுரை வரைவாராக!