வீடா, சானடோரியமா? 193 பேர் சொன்ன பதில்

இன்னைக்கு 1950-களுக்குப் போறோம். குமராட்சிப் பக்கம் நடவு வேலைக்குப் போற ஒருத்தருக்கு டிபி வந்துடுச்சுன்னு வெச்சுக்குங்க. அப்போ நல்ல வைத்தியம்னா சானடோரியம்தான்: மாசக்கணக்கில் ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்றோட்டம். ஆனா வீட்டில் உலை கொதிக்கணுமே? சானடோரியத்தில் இடம் கிடைக்கிறதும் குதிரைக்கொம்பு.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிச்சாங்க. ஒரு பாதி வீட்டில், மறுபாதி சானடோரியத்தில். இரண்டு பக்கமும் ஒரே மருந்துகள், ஒரு வருஷம்.

1959-ல் முடிவு வந்தது. கிருமி அடங்கினவங்க சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. இந்த 6 புள்ளி இடைவெளி, புள்ளியியல் கணக்குப்படி தற்செயலாகவும் வரக்கூடியது.

இங்கேதான் கவனம் வேணும். ‘வித்தியாசம் தெரியலை’ என்பதும் ‘வித்தியாசம் இல்லை’ என்பதும் ஒண்ணில்லை. நெய்மனும் பியர்சனும் 1933-ல் ‘பவர்’ என்ற கருத்தைக் கொடுத்தது இதுக்குத்தான். ஒரு வரைபடம் போடுங்க. கிடைக்கோட்டில் உண்மையான இடைவெளி. செங்குத்துக் கோட்டில் அதைச் சோதனை கண்டுபிடிக்கிற வாய்ப்பு. ஒரு பக்கம் சுமார் நூறு பேர்னு நான் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். உண்மையான இடைவெளி 6-ன்னா, நாலு தடவைக்கு ஒரு தடவைதான் மாட்டும். 20-ன்னா பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல மாட்டும்.

தத்துவவாதி டெபோரா மேயோவின் ‘சிவியாரிட்டி’ இன்னொரு படி மேல. கையில் கிடைச்ச அந்த 6-ஐயே வெச்சுக் கேட்கும். இடைவெளி நிஜமாவே 20-ஆ இருந்திருந்தா, 6-க்கு மேல வந்திருக்க வாய்ப்பு நூத்துக்கு 99. வரலை. அதனால ‘இழப்பு 20-க்குக் கீழே’ என்ற கூற்று கடுமையான சோதனையில் தேறிடுச்சு. ‘5-க்குக் கீழே’ன்னு சொன்னா? இடைவெளி சரியா 5-ஆ இருந்தாலே 6-க்கு மேல வர வாய்ப்பு நூத்துக்கு நாற்பதுதான். வராம போனதில் ஆச்சரியமில்லை. அந்தக் கூற்று தேறலை.

அப்போ, ‘வீடும் சானடோரியமும் சமம்’னு அந்த 193 பேர் நிரூபிக்கலை. ‘வீட்டில் வைத்தியம் பார்த்தா பெரிய நஷ்டமில்லை’ன்னு காட்டினாங்க. இடமே கிடைக்காத நடவுக்காரருக்கு அது போதும். வீட்டில் கூட இருந்தவங்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றலைன்னும் பின்தொடர் ஆய்வு சொன்னது. உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறினதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த தடவை ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை’ன்னு செய்தி படிச்சா ஒண்ணு கேளுங்க: இருந்திருந்தா, அந்த ஆய்வுக்கு அது தெரிஞ்சிருக்குமா?